குழாய்க்குக் கீழே உள்ள இடம்

டொராண்டோ
8 அக்டோபர் 1978

அன்புள்ள தௌனோ,

இல்லை, கோபம் இல்லை. கோபம் என்றால் பதிலே எழுதியிருக்கமாட்டேன். அது உனக்குத் தெரியும். நீ சுரங்கத்தில் சேர்ந்ததை நீ சொல்லி நான் அறியவில்லை. ஊரிலிருந்து படிக்க வந்த பல் டாக்டர் மகள், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது சொன்னாள். தட்டைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டேன். அது கோபம் இல்லை. வேறு ஏதோ. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

காரணம் புரிகிறது. அப்பாவின் கை நடுங்குகிறது என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அம்மா இல்லை. வீட்டில் யாராவது ஒருவர் காலையில் கிளம்பிப் போக வேண்டும். பத்தொன்பது வயதில் அது நீயாக இருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. இருபத்து மூன்று வயதில் அது நானாக இல்லை என்பது உன் பதில். நீ சொல்லாமலே எனக்குக் கேட்டுவிட்டது.

எனக்கு மருத்துவ நூலகத்தில் மாலை வேலை கிடைத்திருக்கிறது. இதழ்களைத் திரும்ப அடுக்கும் வேலை. தத்துவம் படிக்கிறவளுக்கு இதுதான் கிடைக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பொடி இன்னும் உண்டா? சின்ன வயதில் அப்பாவின் துண்டு சாம்பல் நிறமாக இருக்கும். அம்மா அதை மற்றத் துணியோடு சேர்த்துத் துவைத்ததில்லை. அவர் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கருப்பாகும். அது என்ன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் உப்பு இருந்த மாதிரி அதுவும் இருந்தது. எப்படி நடக்கிறது என்று எழுது.

உன்
ரைலி


ஆல்டர் லேக்
19 அக்டோபர் 1978

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அதில் கோபம் இருந்தது.

பல் டாக்டர் மகளோடு நான் பேசி இரண்டு வருடம் ஆகிறது. அவள் என்னை இவ்வளவு கவனித்துக்கொண்டிருப்பது சந்தோஷம்.

பொடி உண்டு. காலையில் உடை மாற்றும் கொட்டகைக்குள் போனதும் வீட்டுத் துணியைக் கொக்கியில் மாட்டிச் சங்கிலியை இழுப்போம். அது கூரைக்கு ஏறிவிடும், சுரங்கத் துணி இறங்கி வரும். எல்லோரும் போட்டு முடித்ததும் கதவையும் சன்னலையும் சாத்துவார்கள். மேஸ்திரி ஒரு டப்பியைக் குழாயில் பொருத்திக் காற்றைத் திறந்துவிடுவார். உஸ்ஸென்று ஒரு சத்தம், பிறகு கருப்புப் புகை. எதிர்ப் பெஞ்சில் இருக்கிறவன் முகம் தெரியாது. கதவு திறக்கும்வரை உட்கார்ந்து இழுக்க வேண்டியதுதான். அலுமினியம்தான். அரைத்து அரைத்துக் கருப்பாகிவிட்டதாம். பாறைத் தூசி நெஞ்சில் ஒட்டாதபடி இது முன்னால் போய்ப் பூசிக்கொள்ளுமாம்.

மேஸ்திரிக்குத் தினமும் ஒரே பேச்சு. "நல்லா இழுங்கப்பா. கம்பெனி செலவு பண்ணி மருந்து குடுக்குது. வீணாக்காதீங்க."

லூசியன் என்று கியூபெக்காரன் ஒருவன் இருக்கிறான். இரண்டு பெண் குழந்தைகள். அவன் விடமாட்டான். "மருந்துன்னா காலையில ஒரு கிளாஸ் பிராந்தி ஊத்துங்க மேஸ்திரி. அதையும் நல்லாத்தான் இழுப்போம்."

முதல் நாள் எங்கே உட்காருவது என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன். லூசியன் பெஞ்சைத் தட்டிக் காட்டினான். "ஏ ஃபின்லாந்துக்காரா, இங்க வா. உங்கப்பன் சிம்மாசனம். யாரும் உக்காரல, உனக்குத்தான் வெச்சிருக்கோம்."

குழாய்க்கு நேர் கீழே உள்ள இடம். பொடி அங்கேதான் கெட்டியாக இறங்கும். அந்த இடத்துக்காகவே அப்பா எல்லோருக்கும் முன்னால் போவாராம். எனக்கு அது தெரியாது, உனக்குத் தெரியுமா? தாத்தா கல்தூசு நோயில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறிச் செத்ததை அப்பா பார்த்திருக்கிறார். நமக்கு அப்படி வரக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார். "மூக்கால இழு. வாயால இழுத்தா வயித்துக்குத்தான் போகும்" என்று சமையலறையில் நிற்கவைத்து எனக்குப் பாடம் நடத்தினார்.

சாயங்காலம் நான் வந்ததும் கேட்பார். "எங்க உக்காந்த?"

"உங்க எடத்துலதான்ப்பா."

ஒரு சிரிப்பு வரும் பார். வேலை போனதிலிருந்து வராத சிரிப்பு.

தம்பி
தௌனோ


டொராண்டோ
2 நவம்பர் 1978

தௌனோ,

இடத்தை மாற்று.

முதலில் அதை எழுதிவிட்டேன். இனி மற்றது.

அடுக்க வேண்டிய இதழ்களை நான் படித்துக்கொண்டிருக்கிறேன். நூலகர் இரண்டு தடவை இருமிக் காட்டினார்.

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இயந்திரத்தில் இரத்தத்தைக் கழுவுகிறார்கள். கழுவும் தண்ணீரில் அலுமினியம் இருந்த இடங்களில் சிலருக்குப் பேச்சு குழறியது. கை உதறியது. பெயர்கள் மறந்தன. இறந்தவர்களின் மூளையைப் பார்த்தால் அலுமினியம் அளவுக்கு மேல் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வந்த கட்டுரை.

அதைவிடப் பழையது ஒன்று. அலுமினியப் பொடி அரைக்கும் ஆலையில் பல வருடம் வேலை செய்த ஒருவர். ஒரே ஒருவர். நடுக்கம், மறதி, பிறகு பேச்சு போயிற்று, பிறகு அவரே. எழுதியவர்கள் கவனமானவர்கள். இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். நான் கவனமானவள் இல்லை. படித்துவிட்டு நூலக மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா முப்பது வருடம் குழாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

தூக்கம் சரியாக இல்லை. அறைக்குள் நடக்கிறேன். கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் அவள் வீட்டுக் கூரையைத் தட்டுகிறாள். அவள் கூரை என் தரை. நிற்கிறேன். மறுபடி நடக்கிறேன்.

மாற்றிவிட்டேன் என்று எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

ரைலி


ஆல்டர் லேக்
20 நவம்பர் 1978

அக்கா,

துடைப்பக்காரி பக்கம்தான் நியாயம்.

ஒரே ஒருவர் என்று நீயே எழுதுகிறாய். இங்கே காலமெல்லாம் இழுத்த கிழவர்கள் ஏரிப் பனியில் ஓட்டை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தூண்டில் ஆடுவதில்லை. டாக்டரைக் கேட்டேன். நரம்பு வியாதி, வயதானால் வரும் என்றார். அப்பாவுக்கு ஐம்பத்தாறு வயது. அதைச் சொன்னேன். சிலருக்குச் சீக்கிரம் வயதாகும் என்றார்.

உனக்காக ஒன்று செய்துபார்த்தேன். "இன்னிக்கு எனக்கு வேணாம் மேஸ்திரி, நெஞ்சுல சளி."

"பொடி வேணாம்னா கூண்டும் வேணாம். வீட்டுக்குப் போயி கம்பளிய இழுத்துப் போத்திக்க."

கூண்டில் ஏறாவிட்டால் கீழே இறங்க முடியாது. இறங்காவிட்டால் சம்பளம் இல்லை. சளி உடனே சரியாகிவிட்டது.

இதையும் கேள். சனிக்கிழமை ஸௌனா ஆவிக்குளியலில் சூடான கல்மேல் தண்ணீர் ஊற்றுவது எப்போதும் அப்பாதானே. போன வாரமும் அவர்தான் கரண்டியை எடுத்தார். கல்வரைக்கும் போகவில்லை. தண்ணீர் முழுவதும் அவர் முழங்காலில். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கரண்டியை என் பக்கம் நீட்டினார். "இந்தா, நீ ஊத்து. எனக்குச் சலிச்சுப் போச்சு."

ஊற்றினேன். ஆவி எழுந்தது.

இப்போது நான் போய், அந்த இடம் வேண்டாம் என்று அவரிடம் சொல்ல வேண்டுமா? சுரங்கத்தில் எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் அவருக்குத் தீர்மானித்தார்கள். எந்த ஷிப்ட், எந்தச் சுரங்கப்பாதை, எப்போது போதும் என்பதுவரை. அவராகத் தேர்ந்தெடுத்தது அந்த இடம் ஒன்றுதான்.

நீ மூன்று கிறிஸ்துமஸாக வரவில்லை. நீ கட்டுரையில் இருக்கிற மனுஷனின் கையைப் பற்றிப் படிக்கிறாய். காலையில் அப்பாவுக்குப் பொத்தான் போட்டுவிடுகிறவன் நான்.

தௌனோ


டொராண்டோ
1 டிசம்பர் 1978

தௌனோ,

நீ சொன்ன கடைசி வரியைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. அதனால் மற்றதைப் பேசுகிறேன்.

அப்பாவுக்கே எழுதிவிட்டேன். நம் ஃபின்லாந்து மொழியில். நானும் நீயும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது. மூளை என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்கு அகராதி எடுத்தேன். கட்டுரையில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். உன்னை அங்கே உட்காரவைக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

இரண்டு உறைகளும் ஒன்றாகவே வரும். நீ மாறாவிட்டால் அவர் உன்னை மாற்றுவார்.

இது கொடுமை என்றால் கொடுமைதான். அவருடைய கை. அவருக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வர முடியாது. கட்டுரை ஒன்று முடிக்க வேண்டும். எழுதும்போதே இது பொய் மாதிரி இருக்கிறது. பொய் இல்லை.

ரைலி


ஆல்டர் லேக்
17 டிசம்பர் 1978

அக்கா,

இரண்டும் வந்தன.

காகிதம் இப்போது அப்பா கையில் நிற்பதில்லை. எழுத்து ஆடுகிறது என்று எழுத்தின்மேல் பழி போடுகிறார். உன் உறையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "நீயே படிடா" என்று என்னிடம் கொடுத்துவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். காபி, ஏலக்காய் ரொட்டி, எல்லாம் தயார்.

உன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே நானாகக் கட்டிய வேறொன்றைப் படித்தேன்.

நீ ஏலக்காய் ரொட்டி செய்யக் கற்றுக்கொள்கிறாய். முதல் தடவை அடி கருகிவிட்டது. கீழ்வீட்டுக்காரி புகை வருகிறது என்று துடைப்பத்தோடு மேலே வந்துவிட்டாள். உனக்குக் கண்ணாடிக் கண் வைத்த பேராசிரியர் ஒருவர் இருக்கிறார்.

அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவங்கம்மா மாதிரியேதான். அடுப்புகிட்ட விடக்கூடாது." பிறகு, "அந்த வாத்தியாரு ராத்திரி கண்ண எங்க கழட்டி வெப்பாராம்?"

"அது எழுதலப்பா."

"அடுத்த கடுதாசியில கேளு. இப்ப இன்னொரு தடவ படி."

இன்னொரு தடவை படித்தேன். முதலில் சொன்னது ஒன்றும் மாறக்கூடாதே என்று நெற்றி வியர்த்தது. ஆகவே உனக்கு இனிமேல் ஒற்றைக்கண் பேராசிரியர் ஒருவர் உண்டு. நினைவில் வைத்துக்கொள்.

உன் கடிதம் விறகு அடுக்குக்குப் பின்னால் இருக்கிறது. எரிக்கவில்லை.

இடம் மாறிவிட்டேன். கதவோரப் பெஞ்சு. கழுத்துத் துணியை நனைத்து மூக்கில் பிடித்துக்கொள்கிறேன், புகையில் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் அப்பா கேட்கிறார். உங்க எடத்துலதான் என்கிறேன். உனக்குத் திருப்திதானே?

நான் எழுந்ததுதான் தாமதம், லூசியன் ஓடி வந்து உட்கார்ந்துவிட்டான். "சிம்மாசனத்த எவனாவது விடுவானா, முட்டாளே" என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

தௌனோ


டொராண்டோ
9 ஜனவரி 1979

தௌனோ,

நீ படித்த கடிதம் நான் எழுதியதைவிட நன்றாக இருக்கிறது. அந்த ரைலியாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. அவளுக்கு நேரம் இருக்கிறது. அவள் ரொட்டி சுடுகிறாள்.

நீ மாறிவிட்டாய் என்று படித்ததும் உட்கார்ந்தேன். இரண்டு மாதமாக நடந்த கால்கள். அடுத்த பத்தியில் லூசியன் வந்தான். மறுபடி எழுந்துவிட்டேன்.

உன் கடிதத்தில் அவன் ஒரு வேடிக்கை. என் கவலையில் அவன் இல்லவே இல்லை. நான் உன்னை மட்டும்தான் அங்கிருந்து எழுப்ப நினைத்தேன், பெஞ்சு காலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு. அவன் மகள்களின் பெயர் என்ன?

அவனிடம் போய்ச் சொல் என்று நான் சொல்லவில்லை. சூடான நூலகத்தில் உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீ அவனிடம் சொன்னால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் அப்பாவுக்குத் தெரியும். அது எனக்கும் தெரிகிறது.

பெயரை மட்டும் எழுது.

ரைலி


ஆல்டர் லேக்
11 பிப்ரவரி 1979

அன்புள்ள அக்கா,

மூத்தவள் ஒடெட். சின்னவள் மோனிக். நடக்கத் தொடங்கியிருக்கிறாள்.

பெயரைக் கேட்டால் தெரிந்துவிடும், பிறகு சும்மா இருக்க முடியாது என்று தெரிந்துதானே கேட்டாய். போ.

பெஞ்சில் அவனருகில் போய் மெதுவாகத்தான் சொன்னேன். "லூசியன், அந்த எடம் வேணாம். தள்ளி உக்காரு."

"ஏன், திரும்ப வேணுமா?"

"எனக்கும் வேணாம். அது மூளைக்குப் போகுதுன்னு எங்கக்கா படிச்சிருக்கா."

அவன் மெதுவாகப் பேசுகிறவன் இல்லை. "கேட்டீங்களாடா? இவங்கக்கா படிச்சாளாம், மூளைக்குப் போகுதாம்."

"அப்ப உனக்குக் கவலையே இல்ல, இருந்தாத்தான போறதுக்கு" என்றான் ஒருவன். கொட்டகையே சிரித்தது. மேஸ்திரியும். கதவைச் சாத்தினார்கள். லூசியன் அங்கேயேதான் இருந்தான். மறுநாள் வந்தான், என்னைப் பார்க்கவில்லை, கதவோரம் வந்து என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தான். அடுத்த நாள் இன்னும் இருவர். இப்போது குழாய்க்குக் கீழே யாரும் இல்லை. "என்னடா, அங்க முள்ளா மொளைச்சிருக்கு?" என்று மேஸ்திரி கத்துகிறார். பொடி வருகிறது. பெஞ்சுமேல் படிகிறது.

நம் ஆட்கள் கூடும் மண்டபத்தில் காபி குடிக்கப் போன அப்பாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். உன் பையன் உன் இடத்தை விட்டுவிட்டானாமே, மற்றவர்களையும் கிளப்பிவிட்டானாமே என்று. வீட்டுக்கு வந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"எங்க உக்காந்த?"

நான் காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தேன்.

"எங்கடா உக்காந்த?"

"கதவோரம்ப்பா."

"எப்பலேருந்து?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னால."

விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து உன் கடிதத்தை எடுத்துவந்து படித்தேன். இந்தத் தடவை அதில் இருந்ததை. அவர் கோட்டோடு நின்றபடியே கேட்டார். முடிந்ததும் உன் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த ஒத்தக்கண் வாத்தியாரு?"

"இல்லப்பா."

"ரொட்டி?"

"அதுவும் இல்ல."

அதற்குத்தான் அக்கா அவர் உட்கார்ந்தார். மூளையைப் பற்றிக் கேட்டதற்கு இல்லை.

பிறகு கையை மேசைமேல் வைத்தார். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்தார். "இது அதனாலயா?"

"தெரியாதுப்பா. அவளுக்கும் தெரியாது. அத எழுதினவங்களுக்கே தெரியாது."

"தெரியாதுன்னா நீ ஏன் எடம் மாறின?"

என்னிடம் பதில் இல்லை. உன்னிடம் இருந்தால் எழுது.

"நான் நல்லா இழுத்தேன்டா" என்றார். "அங்க வேற எவனும் அப்படி இழுக்கல."

நேற்று ஸௌனாவில் கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் பிடித்தார். பாதி கல்லில் விழுந்தது, பாதி என்மேல். சூடு. நான் நகரவில்லை. அப்போதுதான் சொன்னார். அந்த ஆலைக்காரனைப் பற்றிய கட்டுரை முழுவதையும் கேட்க வேண்டுமாம். சுருக்கம் வேண்டாமாம். "அவ நம்ம மொழியில போட்டு அனுப்பட்டும். நீ படி. ஒரு வார்த்த நீ சேக்கக் கூடாது."

சீக்கிரம் அனுப்பு. தினமும் தபால்காரரை வாசலில் நின்று பார்க்கிறார்.

தம்பி
தௌனோ


டொராண்டோ
20 பிப்ரவரி 1979

அன்புள்ள தௌனோ,

மொழிபெயர்த்துவிட்டேன். நம் மொழியில் எனக்குச் சமையலறைச் சொற்கள்தான் இருக்கின்றன. அதனால் சில இடங்களில் கட்டுரை சமையலறையில் நடக்கிற மாதிரி இருக்கும். அப்பாவுக்கு அது எளிதாக இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம்.

அந்த மனிதருக்குக் கட்டுரையில் பெயர் இல்லை. நோயாளி என்றுதான் இருக்கிறது. நான் பெயர் வைக்கவில்லை. எதையும் மென்மையாக்கவில்லை, கூட்டவும் இல்லை. உறுதியாகச் சொல்ல முடியாது என்ற வரியை அது இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். அதைத் தூக்கி முதல் வரியாக வைக்கலாமா என்று யோசித்தேன். பிறகு கடைசி வரியாக. அப்பா ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது என்றது உனக்கு மட்டும் இல்லை.

நீ ஏன் மாறினாய் என்று அவர் கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை. அதைத்தான் இத்தனை நாளாக நடந்து நடந்து தேடியிருக்கிறேன் போல. தெரியாது என்பது உட்கார்ந்திருக்கக் காரணமா, எழுந்துவிடக் காரணமா. முப்பது வருடம் அவர்களிடம் யாரும் தெரியாது என்று சொல்லவில்லை. மருந்து என்றார்கள்.

பக்கங்கள் இதோடு இருக்கின்றன. மெதுவாகப் படி. மூன்றாம் பக்கத்தில் அவருக்குப் பேச்சு போகும் இடம் வருகிறது. அங்கே நிறுத்திக் காபி கொடு.

அன்புடன்
ரைலி

பி.கு. தபால்பெட்டிவரை போய்த் திரும்பி வந்தேன். உறையைப் பிரித்துப் பக்கங்களை வெளியே எடுத்துவிட்டேன். இதையும் நீ படிக்க வேண்டாம், நானே வந்து அப்பாவுக்குப் படிக்கிறேன். பேருந்து நிலையத்துக்குப் போய் வெள்ளிக்கிழமை ஊருக்கு வரச் சீட்டு எடுத்தேன். வரும் வழியில் மாவும் ஏலக்காயும் வாங்கிவந்து ரொட்டி சுட்டேன். அடி கருகிவிட்டது. அதைத் துணியில் சுற்றி, பக்கங்களோடு பையில் வைத்திருக்கிறேன்.